உள்ளே ஒரு குடித்தனம்

தீர்ப்பு வந்த அன்று ஆத்துவாய்க்குப்பத்தில் யாரும் வெடி வெடிக்கவில்லை.

டிவிக்காரர்கள் மட்டும் வந்தார்கள். தனகோட்டி வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து மட்டிச் சிப்பிகளைக் கழுவிக் குவித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புச் சூளைக்குப் போகிற சிப்பி. மைக்கை வைத்திருந்த பெண் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஆற்றை அடிமண் வரைக்கும் சுத்தம் பண்ணச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்கு. வழக்குப் போட்டவங்க நீங்க. உங்களுக்கு எப்படி இருக்கும்மா?"

"எப்படியும் இல்ல" என்றாள் தனகோட்டி.

அந்தப் பெண் இன்னும் ஏதாவது வரும் என்று மைக்கைப் பிடித்தபடியே இருந்தாள். தனகோட்டி அடுத்த சிப்பியை எடுத்தாள். கேமராக்காரர் ஆற்றுப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் படம் பிடித்தார். பிறகு இருவரும் கிளம்பிப் போனார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. மகன் போனதிலிருந்து அவளுக்கு எதுவும் எப்படியும் இருப்பதில்லை. பசித்தால் சாப்பிடுவாள். அழைத்தால் போவாள். கேட்டால் பதில் சொல்லுவாள்.

ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருந்தது குப்பம். மேற்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதை ஒட்டிப் பழைய பேட்டரிகளை உருக்குகிற கூடங்கள். எல்லாம் ஒரே கம்பெனியின் கைக்குள் இருந்தன. ஆற்றில் இறங்கினால் முழங்கால் வரை கறுப்புச் சேற்றில் புதையும். காலை எடுத்தால் அந்தக் குழியிலிருந்து எண்ணெய் மேலே வந்து வானவில் நிறத்தில் விரியும். தண்ணீரையாவது கடல் வந்து கழுவிவிட்டுப் போகும். அடியில் படிந்த சேற்றில் ஈயமும் காட்மியமும் பல தலைமுறையாகச் சேர்ந்து கிடந்தன. நிலத்தடி நீர், மீன், காற்றில் பறக்கிற காய்ந்த சேற்றுத்தூள் என்று எல்லா வழியாகவும் அது வீட்டுக்குள் வந்தது.

அவள் மகன் எழிலன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனால் பென்சிலைப் பிடிக்க முடியாது. விரல் நடுங்கும். ஈறில் நீலக்கோடு விழுந்திருந்தது. அவனைப் போல எத்தனையோ பிள்ளைகள். சிலதுக்கு வலிப்பு வந்தது, சிலது நடக்கவே இல்லை. அப்போதுதான் தனகோட்டி தன் பெயரில் வழக்குப் போட்டாள். அப்போது அவளுக்கு ஆத்திரம் என்று ஒன்று இருந்தது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மருந்து வந்துவிட்டது. ஆற்றைச் சுத்தம் செய்வதைவிட ஆட்களைச் சுத்தம் செய்வது சுலபம் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு நுண்ணுயிரி. நாக்கில் நாலு சொட்டு விட்டால் போதும். குடலில் குடியேறி, பிறகு ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விடும். உடம்புக்குள் வருகிற எண்ணெய்க் கசடைத் தின்னும். ஈயத்தைப் பிடித்துத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். குப்பத்துக்காரர்கள் அதற்குக் 'குடித்தனம்' என்று பேர் வைத்தார்கள். "உம் புள்ளைக்குக் குடித்தனம் வச்சாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அது பொய் மருந்து இல்லை. எழிலனின் விரல் நடுக்கம் நின்றது. அவன் எழுதினான், படித்தான், கல்லூரிக்குப் போனான். மலைமேல் ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போனான். அங்கே ஊற்றுத் தண்ணீர், சுத்தமான காற்று. வருஷம் திரும்புவதற்குள் செத்துப்போனான். சோகை என்று எழுதிக் கொடுத்தார்கள். உதடு வெள்ளைவெளேரென்று இருந்தது.

அவனுக்குப் பிறகு வெளியூர் போன இன்னும் சிலர் அப்படியே போனார்கள். அதற்கப்புறம்தான் குப்பத்துக்குப் புரிந்தது. குடித்தனக்காரனுக்குத் தீனி கிடைக்காவிட்டால் வீட்டையே தின்ன ஆரம்பிப்பான். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதுவும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, எண்ணெய் ஆவியாகிவிடும். அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

கம்பெனி இதை ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது. தனகோட்டி போவதை நிறுத்திவிட்டாள். அவள் பெயர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் பஞ்சாயத்துத் தலைவர் கஜபதி இன்னும் சிலரோடு வந்தார். வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"இன்னா தனகோட்டி, கேட்டியா?" என்றார் கஜபதி.

"கேட்டேன்."

"ஊர வுட்டு நாம போனாலும் ஒண்ணு, ஆறு நம்மள வுட்டுப் போனாலும் ஒண்ணு. ரெண்டும் ஒரே சாவுதான். வழக்கு உன் பேர்ல கீது. நீதான் போய்ச் சொல்லணும்."

"இன்னான்னு?"

கஜபதி கீழே பார்த்தார். அவரும் அந்தக் காலத்தில் ஆலை வாசலில் படுத்து மறியல் செய்து மண்டை உடைந்தவர்.

"வேணாம்னு" என்றார்.

மறுநாள் வக்கீல் ரெஹானா வந்தாள். இந்த வழக்கை அவளுடைய சீனியர் தொடங்கி, அவர் காலமான பிறகு அவள் கைக்கு வந்தது. காசு வாங்காமல் நடத்தினவள். கூடவே டாக்டர் மாதங்கியை அழைத்து வந்திருந்தாள். அந்தக் காலத்தில் கூடாரம் போட்டுக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டவர் அவர்தான். ரெஹானா கையில் ஒரு பெட்டி லட்டு இருந்தது. வீட்டுக்குள் வந்து தனகோட்டியின் முகத்தைப் பார்த்ததும் அதைப் பிரிக்காமல் கீழே வைத்தாள்.

"தனகோட்டிம்மா, ஊர்ல பேசிக்கிறது நிஜமா? தீர்ப்ப நிறுத்தச் சொல்லப் போறீங்களா?"

"ஆறு சுத்தமானா இன்னா ஆவும்னு டாக்டர் அம்மாவையே கேளு வக்கீலம்மா."

டாக்டர் மாதங்கி பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "எண்ணெய் அதுக்குச் சோறு, ஈயம் அதுக்கு உப்பு. ரெண்டும் இல்லேன்னா அது உடம்புல இருக்கிற இரும்பை எடுத்துக்கும். மொதல்ல ரத்தம் வெளுக்கும், அப்புறம் இதயம் நிக்கும்."

"மருந்து குடுத்து அதைக் கொல்ல முடியாதா?" என்றாள் ரெஹானா.

"முடியும். ஆனா அது இத்தனை வருஷமாப் பிடிச்சு வச்சிருக்கிற ஈயம் மொத்தமும் ஒரேயடியா ரத்தத்துல இறங்கும். ரெண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு வாரம்கூடத் தாங்கல."

"அப்ப அதுக்கு வேண்டியதை மாத்திரையாக் கொடுத்தா?"

"முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கோம். இந்தச் சேத்துல என்னென்ன எவ்வளவு கலந்திருக்குன்னு ஆத்துக்கு மட்டும்தான் தெரியும். நாங்க கலக்கறது அதுக்குப் பிடிக்க மாட்டேங்குது." டாக்டர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "மருந்து கொடுத்தப்ப, ஆறு என்னைக்காவது சுத்தமாகும்னு நாங்க யாரும் நினைக்கவே இல்லம்மா."

தனகோட்டியின் மகள் அமுதா உள்ளேயிருந்து டீ கொண்டு வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். விருந்தாளிகளுக்குக் கேன் தண்ணீரில் போட்ட டீ, தனக்கும் அம்மாவுக்கும் குழாய்த் தண்ணீரில் போட்ட டீ. இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் தம்ளர் வைத்திருந்தாள்.

"சுத்தம் பண்ணா எத்தினி பேரு?" என்று கேட்டாள் தனகோட்டி.

"குடித்தனம் இருக்கிற எல்லாரும்" என்றார் டாக்டர்.

ரெஹானா டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "என் சீனியர் சாகும்போதுகூட இந்த வழக்கப் பத்தித்தான் பேசினார்" என்றாள். பிறகு, "மனுவை நானே எழுதறேன். வேற யாரையும் எழுத விட வேணாம்" என்றாள்.

தீர்ப்பாயம் நகரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. தனகோட்டி அங்கே போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. உள்ளே நுழைந்ததும் வழக்கமாக உட்காருகிற இடப்பக்க வரிசைக்குப் போனாள். ரெஹானா அவள் முழங்கையைத் தொட்டு, "அங்க இல்லம்மா, இந்தப் பக்கம்" என்றாள்.

தீர்ப்பை நிறுத்தச் சொல்லிக் கம்பெனியும் மனுப் போட்டிருந்தது. இருவர் கோரிக்கையும் ஒன்று என்பதால் ஒரே பக்கத்தில் இடம். கம்பெனி வக்கீல் எழுந்து அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். "ஏசி அதிகமா இருக்காம்மா? குறைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். இதே மனிதர்தான் முன்பு ஒருநாள், எழிலனின் ஈறில் இருந்த நீலக்கோடு பல் துலக்காததால் வந்தது என்று வாதாடியவர். அவருக்கு அது நினைவிருந்ததா என்று தெரியவில்லை. தனகோட்டிக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த நினைவு கட்டை விரலில் குத்துகிற முள் மாதிரி இல்லை. மரத்துப்போன காலில் குத்துகிற முள் மாதிரி இருந்தது. குத்தியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

நீதிபதி வயதான பெண். தனகோட்டியை நேராகப் பார்த்தார்.

"இந்த ஆற்றைச் சுத்தம் பண்ணச் சொல்லிக் கேட்டது நீங்க. இப்ப வேண்டாம்னு சொல்றதும் நீங்க. யாராவது உங்களை மிரட்டினாங்களா?"

"இல்லீங்கம்மா."

"பணம் ஏதாவது?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன்?"

தனகோட்டி யோசித்தாள். ரெஹானா சொல்லிக் கொடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை.

"ஆறு எங்க உடம்புக்குள்ள வந்துடுச்சுங்கம்மா. வெளிய கீறதை எடுத்தா உள்ள கீறது எங்களத் தின்னுடும். அவ்ளோதான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு உத்தரவு வந்தது. ரெஹானா அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள். ஆற்றைச் சுத்தம் செய்யும் பணி நிறுத்தி வைக்கப்படுகிறது. குடித்தனம் உள்ள கடைசி நபர் உயிரோடு இருக்கும் வரைக்கும் ஆற்றின் அடிமண்ணை யாரும் தொடக்கூடாது. ஆலையின் கழிவும் இப்போதுள்ள அளவிலிருந்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"குறையாமலா?" என்றாள் தனகோட்டி.

"குறைஞ்சா உங்களுக்கு ஆபத்து இல்லையாம்மா?"

கம்பெனி வக்கீல் வந்து கைகூப்பினார். "ஜெயிச்சிட்டோம்மா" என்றார். அவளும் பழக்கத்தில் கைகூப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது அமுதா உத்தரவை போனில் முழுக்கப் படித்து முடித்திருந்தாள். அவள் புருஷன் ரூபன் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தான். ரூபன் அரக்கோணத்துப் பக்கத்துப் பையன். ஆலையில் கிரேன் ஓட்ட வந்து, அமுதாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். அவனுக்குக் குடித்தனம் இல்லை. அவனும் போட்டுக்கொள்ளக் கேட்டான், அமுதா விடவில்லை. கேன் தண்ணீரிலும் ஊரிலிருந்து வருகிற அரிசியிலும் காலத்தை ஓட்டினான்.

"யம்மா, கடைசி ஆளுன்னு போட்ருக்காங்களே, அது யாரு?" என்றாள் அமுதா.

"யாருக்குத் தெரியும்? வயசு கொறஞ்சது எதுவோ அது."

"இப்போதைக்கு அது. எனக்குப் பொறந்தா எம் புள்ள. அடுத்த வருசம் வேற எவளுக்காச்சும் பொறந்தா அவ புள்ள. ஆறு அழுக்கா இருக்கிற வரைக்கும் பொறக்குற புள்ளைக்கெல்லாம் குடித்தனம் வைக்கணும். புள்ளைக்குக் குடித்தனம் கீற வரைக்கும் ஆத்தச் சுத்தம் பண்ணக் கூடாது. கடைசி ஆளுன்னு ஒருத்தன் வரவே மாட்டாம்மா."

ரூபன் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தான். தனகோட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். இது அவளுக்கும் பஸ்ஸில் வரும்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"டாக்டர் அம்மாவுக்கு போன் பண்ணேன்" என்றாள் அமுதா. "வயித்துக்குள்ள இருக்கும்போது புள்ளைக்குப் போவாதாம். பால்லதான் போவுமாம். மொத வாய் குடிச்சாலே போதுமாம்."

"பால் குடுக்கலன்னா?"

"சுத்தமா இருக்கும். ஆனா இங்க இருக்க முடியாது. இந்தத் தண்ணி, இந்தக் காத்து, அதுக்கு ஆவாது. அண்ணனுக்கு வந்த மாதிரியே வரும்." அவள் புருஷனைப் பார்த்தாள். "இவரு இட்டுக்கினு போயிடணும். பொறந்த அன்னைக்கே."

"நான் மட்டும் எப்படிப் போவேன்?" என்றான் ரூபன்.

"போவணும்."

"நீ இல்லாம அந்தக் கொழந்தைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

"உங்கம்மா கீறாங்க. பவுடர் பால் கீது. எத்தினியோ புள்ளைங்க வளருது." அமுதாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீ போவலன்னா நான் பால் குடுத்துடுவேன் ரூபா. என்னப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். கண்ணு முன்னால அழுதா குடுத்துடுவேன்."

ரூபன் அத்தையைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லித் தடுப்பாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. தனகோட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "புளி ஊற வச்சிட்டியா?" என்று கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த மாதங்களில் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகப் பொருள்கள் வந்தன. கர்ப்பிணிகளுக்குப் பேரீச்சம்பழம், சத்துமாவு, மென்மையான துண்டுகள். பிரசவத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் தனி அறை இலவசம் என்று ஒரு பெண் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். குழந்தை பிறந்த உடனே தாய்ப்பால் கொடுப்பதுதான் நல்லது, அதற்குத் தனியாக நர்ஸ் இருக்கிறாள் என்றும் சொன்னாள். அமுதா துண்டுகளை வாங்கிக்கொண்டு, நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் பெயர் பதிந்துகொண்டாள்.

பெண் குழந்தை. விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் பிறந்தது. சொல்லி வைத்திருந்தபடி டாக்டர் மாதங்கியே வந்திருந்தார். குழந்தையைத் துடைத்து அமுதா பக்கத்தில் காட்டினார். மார்மேல் போடவில்லை. அமுதா பார்த்தாள். குழந்தையின் மூக்கு தன் அண்ணனுடையது என்றாள். பிறகு, "எடுத்துக்கினு போங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தனகோட்டிதான் கையில் வாங்கி வெளியே வந்தாள். வராண்டாவில் ரூபனும் அவன் அம்மாவும் நின்றார்கள். அந்த அம்மாள் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தவள் மாதிரி இருந்தாள். குழந்தை வாயைத் திறந்து தனகோட்டியின் புடவை மடிப்பைத் தேடியது. அவள் தன் விரலைக்கூட அதன் வாயில் வைக்கவில்லை. கொடுத்துவிட்டாள்.

"அத்தை, ஏதாச்சும் சொல்லுங்க" என்றான் ரூபன்.

"போனதும் போன் பண்ணு" என்றாள்.

அவர்கள் படியிறங்கிப் போகிறவரை நின்றாள். தொண்டையில் ஏதாவது வருமா என்று பார்த்தாள். வரவில்லை. திரும்பி வார்டுக்குப் போகிற வழியில், பூக்காரியிடம் மல்லிகைப்பூ நாலு முழம் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அமுதாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. நெஞ்சு கல்லாக இறுகி, காய்ச்சல் வந்தது. தனகோட்டி அவள் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அது பால் வற்ற வைக்கும். அறை முழுக்க முதலிரவு வாசனை அடித்தது. அமுதா ஒருதடவை மட்டும், "யம்மா, வலிக்குது" என்றாள். "வலிக்கும்" என்றாள் தனகோட்டி. கட்டை அவிழ்த்துப் புதுப்பூ வைத்துக் கட்டினாள். பூ வாடுகிற வரைக்கும் மகள் பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

அமுதாவைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருத்தியின் தங்கை காஞ்சிபுரத்தில் இருந்தாள், அவளிடம் கொடுத்தாள். இன்னொருத்தி, குழந்தையில்லாத ஒரு வாத்தியார் குடும்பத்துக்குக் கொடுத்தாள். ஒருத்தி கடைசி நிமிஷத்தில் மனசு கேட்காமல் பால் கொடுக்கப் போக, அவள் மாமியாரே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாளாம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பிள்ளையே வேண்டாம் என்றார்கள். குப்பத்தில் தொட்டில் கட்டுகிற கொக்கிகள் வெறுமனே தொங்கின. மத்தியான வேளையில் அலைச் சத்தமும் ஆலைச் சத்தமும் மட்டும் கேட்டது.

கம்பெனியின் சத்துமாவுப் பெட்டிகள் நின்றுபோயின. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கார் வர ஆரம்பித்தது. அது நேராகக் கடைசித் தெருவில் இருக்கிற சுகந்தி வீட்டுக்குப் போகும். சுகந்தியின் மகள் மகிழுக்கு மூன்று வயது. குப்பத்தில் குடித்தனம் உள்ளவர்களில் அவள்தான் எல்லோருக்கும் இளையவள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஒருநாள் சிப்பி மூட்டையை இறக்கிவிட்டு வரும்போது தனகோட்டி அந்த வீட்டுக்கு முன்னால் நின்றாள். டாக்டர் ஒருவர் மகிழின் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு போட்டு அவள் கையில் கொடுத்தார். கூடவே வந்த கம்பெனி அதிகாரி, வீட்டுப் படியின் உயரம் குழந்தைக்கு அதிகம், விழுந்துவிடுவாள், நாளைக்கே ஆள் வந்து சரி பண்ணுவார்கள் என்றார். கார் போனதும் சுகந்தி ஓடி வந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"யக்கா, பாத்தியா? வாரம் தவறாம வராங்க. தடுப்பூசி, பழம், எல்லாம் அவங்களே. பள்ளிக்கூடத்துக்கும் காருலயே கூட்டிப் போறாங்களாம். ஆத்தங்கரைல வெளையாட வேணாம், வழுக்கும்னு நேத்து கம்பி வேலி போட்டுக் குடுத்தாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நம்மள இத்தினி பாடு படுத்தினவங்க. இப்போ இன்னாத்துக்குக்கா எம் பொண்ணு மேல மட்டும் இத்தினி அக்கறை?"

தனகோட்டி குழந்தையைப் பார்த்தாள். மகிழ் ஆப்பிள் துண்டைப் பூனைக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் மனசு வேண்டியிருந்தது.

"நாம எல்லாரும் செத்த பின்னால இவ ஒருத்தி இருப்பா" என்றாள். "இவ உயிரோட கீற வரைக்கும் அவங்க ஆத்தத் தொட வேணாம். ஒரு ரூபா செலவு இல்ல. அதுக்குத்தான்."

சுகந்தி கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு ஒருகணம் அப்படியே உறைந்தது. அவள் எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. குழந்தையின் வயசை, குழந்தைக்கு இன்னும் இருக்கிற வயசை. பிறகு அவள் முகம் மெதுவாகத் தளர்ந்தது.

"அப்போ இவள சாவ வுட மாட்டாங்க, இல்லக்கா?" என்றாள். "நல்லாப் பாத்துக்குவாங்க."

"பாத்துக்குவாங்க" என்றாள் தனகோட்டி.